மணி முடிந்தது, ஆட்டம் முடிந்ததா?

ரக்பி ஆட்டத்தின் காலம் 80 நிமிடம். கடிகாரம் 80-ஐத் தொட்டவுடன் ஆட்டம் முடிந்துவிடுமா, மாணவ நண்பர்களே? முடியாது. பந்து ஆட்டத்தைவிட்டு நீங்கும்வரை நடுவர் காத்திருப்பார். அதற்குள் ஓர் அணி தவறிழைத்து, மறு அணிக்குப் பெனால்டி கிடைத்தால் ஆட்டம் மீண்டும் தொடங்கும். இவ்விதி இல்லையேல், முன்னணியில் உள்ள அணி வேண்டுமென்றே தவறு செய்து தப்பிவிடும் அல்லவா?

2015 உலகக் கோப்பைப் போட்டியில், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், தென்னாப்பிரிக்கா 32, ஜப்பான் 29. இறுதிக் கட்டத்தில் ஜப்பானுக்குப் பெனால்டி. கம்பத்துக்கு இடையே உதைத்தால் 3 புள்ளிகள், ஆட்டம் சமன். ஜப்பானோ, இரு அணியினரும் தோள்கொடுத்துத் தள்ளும் ஸ்க்ரம்மைக் கேட்டது. 80 நிமிடம் கடந்தும் ஆட்டம் நீண்டது. 84-ஆவது நிமிடத்தில் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி 5 புள்ளிகள் பெற்று, 34-32 என ஜப்பான் வென்றது. விதியின் பயன் விளங்குகிறதா?