வாசனை சேர்க்காத இலை

என் சுங்கானில் இப்போது வெறும் பர்லி புகையிலைதான். வெனிலா, செர்ரி மணம் ஏற்றியவற்றை விட்டுப் பல வருடமாகிறது.

1864இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முளைத்த வெளிறிய நாற்றுகளிலிருந்து வந்தது வெள்ளை பர்லி. சூடு காட்டாமல், கொட்டகையில் வாரக்கணக்கில் காற்றாடத் தொங்கவிட்டே பதப்படுத்துவார்கள். அதற்குள் இலையின் சர்க்கரை அநேகமாகத் தீர்ந்துவிடும். மிஞ்சுவது வறுத்த கொட்டையின் மணம், கோக்கோ போல மெல்லிய கசப்பு. எனக்கு அது போதும். (சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலை, அவசரமாக இழுத்தால் நாக்கைச் சுட்டுவிடும்.)

அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக நிரப்புவேன். முதல் நெருப்பில் இலை பொங்கி எழும். மெல்ல அமுக்கி மறுபடி பற்றவைப்பேன். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. அப்படியும் வாய்ப்புற்று அபாயம் உண்டு. மகனிடம் அதை மறைத்ததில்லை. ஞாயிறு மாலை ஒரே ஒரு தடவை, திண்ணையில், சாம்பல் வெளுக்கும்வரை.