கத்தரிக்கோலுக்கு அடங்காத படம்

"முடிவில் கெட்டவன் அழிந்துதானே போகிறான்; பிள்ளைகள் பார்த்தால் என்ன?" வயது வந்தோருக்கு மாத்திரம் என்ற பலகையைப் படமாளிகை வாசலிற் கண்டு இவ்வாறு வினவும் பெற்றோர் உளர். வினா நியாயமானதே. இதற்கு விடை காண விரும்புவோர், அமெரிக்காவில் ஒரே பெயரில் இருமுறை எடுக்கப்பெற்ற 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் வரலாற்றை அறிதல் நன்று.

'தழும்பு முகத்தான்' என்பது அப்பெயரின் பொருள். சிக்காகோ நகரைக் கலக்கிய அல் கபோனின் பட்டப்பெயர் அது. ஹொவார்ட் ஹோக்ஸ் இயக்கி 1932இல் வெளிவந்த முதற் படத்தை, திரைப்பட முதலாளிகள் தாமே அமைத்திருந்த ஒழுக்கக் காரியாலயம் எளிதில் விட்டுவிடவில்லை. கொலைகாரன் வீரனாகத் தோன்றுகிறான் என்பது அதன் குறை. ஆகவே முகப்பிலே கண்டன வாசகம் ஒன்று சேர்க்கப்பட்டது. நாட்டின் அவமானம் என்ற துணைத் தலைப்பும் வந்தது. பொலிஸாரின் குண்டுக்கு இரையாகும் முடிவுக்குப் பதிலாக, நீதிமன்றம் விசாரித்துத் தூக்கிலிடும் முடிவு ஒன்றும் எடுக்கப்பட்டது. அவ்வேளை கதாநாயகன் போல் முனி கிடைக்காமையால், முகத்தைக் காட்டாமலே வேறொருவரைத் தூக்குமேடைக்கு நடத்திச் சென்றனராம்! நீதி நிலைநாட்டப்பட்டது, நாயகனைத்தான் காணோம்.

படம் முடிவில் என்ன சொல்கிறது என்பதே அக்காலத்தார் கவலை. 1968 நவம்பரில் அம்முறை மாறிற்று. எப்படி எடுக்கவேண்டும் என்று கட்டளையிடுவதை விடுத்து, யார் பார்க்கலாம் என்று பெற்றோருக்கு அறிவிக்கும் வயதுப் பிரிவுகள் வந்தன. 1983இல் 'ஆர்' என்ற பிரிவிலுள்ள படத்துக்குப் 17 வயதுக்குட்பட்டோர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ செல்லலாம். 'எக்ஸ்' என்றால் உள்ளே விடமாட்டார்கள். 'எக்ஸ்' பெற்ற 'மிட்நைட் கவ்போய்' 1969ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றதுண்டு. ஆயினும் ஆபாசப் படக்காரர் அவ்வெழுத்தைத் தாமே ஒட்டிக்கொண்டதால், பல படமாளிகைகளும் பத்திரிகை விளம்பரப் பகுதிகளும் அதற்குக் கதவடைத்தன.

இந்நிலையிலேதான் பிரையன் டி பால்மா, அல் பசினோவை நாயகனாக்கி 1983இல் அதே கதையை மீண்டும் எடுத்தார். இம்முறை நாயகன் கியூபாவிலிருந்து மியாமிக்கு வந்த அகதி. தொழில் கொக்கெய்ன் வியாபாரம். மதிப்பீட்டுக் குழு 'எக்ஸ்' என்றது. இயக்குநர் சில பகுதிகளை வெட்டி அனுப்பினார், மறுபடியும் 'எக்ஸ்'. இன்னும் வெட்டினார், பலனில்லை.

பலர் பேசிய காட்சி, குளியலறையில் மரம் அரியும் இயந்திர வாளாற் செய்யப்படும் கொலை. உண்மையில் வாள் உடலிற் பாய்வதை அங்கே காட்டவில்லை. கமரா வீதிக்குச் சென்று திரும்புகிறது. இரைச்சலும், தெறிக்கும் இரத்தமும், பார்த்து நிற்கக் கட்டாயப்படுத்தப்பட்டவனின் முகமுமே உள. காட்டாததை மனம் காண்கிறது. அதை எந்தக் கத்தரிக்கோல் கொண்டு வெட்டுவது? இதனோடு இருநூறுக்கும் மேற்பட்ட தடவை ஒலிக்கும் ஒரே வசைச்சொல்லையும், இறுதிச் சண்டையிற் குவியும் பிணங்களையும் கூட்டிப் பாருங்கள். ஒரு காட்சி அன்று, மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த அந்த முழுத் தொகையே பாரமாயிருந்தது.

தயாரிப்பாளர் மேன்முறையீடு செய்தனர். போதைப்பொருட் குற்றங்களை நன்கறிந்த புளோரிடா மாநில அதிகாரி ஒருவர், படம் அத்தீமையை உள்ளபடி காட்டுகிறது எனச் சாட்சி சொன்னார். 17க்கு 3 என்ற வாக்குகளால் 'ஆர்' கிடைத்தது. சாட்சியம் பொய்யன்று, நாயகன் தன் மாளிகைத் தடாகத்திற் பிணமாக மிதப்பதோடுதான் கதை முடிகிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்முடிவை அடையுமுன் குளியலறையைக் கடக்கவேண்டுமே! பெரியவர்களுக்குப் படிப்பினையாவது பிள்ளைக்கு வெறும் பயமாகவோ, அதனிலும் கேடாக, வேடிக்கையாகவோ நின்றுவிடலாம். 'ஆர்' கொடுத்தது சரியென்றே எமக்குத் தோன்றுகிறது. அதற்குக் கீழே இறக்கியிருந்தால் தவறாயிருக்கும்.

வேடிக்கை இன்னொன்று உண்டு. வெட்டிய படத்துக்கு 'ஆர்' கிடைத்ததும், வெட்டாத முதற் பிரதியும் அதே தரத்ததுதான் என்று தீர்மானித்த டி பால்மா, அதனையே படமாளிகைகளுக்கு அனுப்பிவிட்டார். பின்னர் அவரே அதை வெளியிட்டுச் சொல்லும் வரை, வெட்டியதற்கும் வெட்டாததற்கும் இருந்த வேற்றுமையை எவரும் கவனிக்கவில்லை.