‘அம்மாவிடம் சொல்லாதே’ என்னும் பாடம்

ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு தடம்புரள்கிறது என்பதைக் கல்லூரியில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கிவந்தவன் நான். அந்தப் பாடத்தை என் வீட்டுக் கூடத்தில் நானே மறந்திருந்தேன் என்பதை உணர்த்தியவள், மூன்றரை வயதுப் பேத்தி.

மாலை நடைப்பயிற்சி முடிந்து திரும்பும்போது அவளுக்கு ஒரு கடலைமிட்டாய் வாங்கி வருவேன். பல் கெட்டுவிடும் என்று மகள் தடை விதித்திருந்தாள். ஆகவே, “அம்மாகிட்ட சொல்லாதே, இது நம்ம ரகசியம்” என்று காதோடு சொல்லிக் கொடுப்பேன். ஒரு நாள் தலையணைக்கடியில் மிட்டாய்க் காகிதத்தைக் கண்டெடுத்த மகள், யார் கொடுத்தது என்று கேட்டாள். குழந்தை உதடுகளை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். “பெரியவங்க சொன்னா அம்மாகிட்டயே மறைக்கணும்னு இவளுக்குக் கத்துக்கொடுத்தது யாருப்பா?” என்று மகள் என்னைக் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 5 முதல் 18 வயது வரையிலான 12,447 குழந்தைகளிடம் விசாரித்ததில், 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். சீண்டியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை எவரிடமும் சொல்லவில்லை என்பதும் அதே அறிக்கையில் உள்ளது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகளோ, போக்சோ சட்டத்தின் 4, 6-ஆம் பிரிவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அறிமுகமானவரே என்கின்றன. (வளரிளம் பருவத்தினரின் காதல் விவகாரங்களும் இவ்வழக்குகளில் அடங்குவதால், இவ்விகிதத்தை அப்படியே மழலைகளுக்குப் பொருத்துவது சரியாகாது.) எனினும், திசை தெளிவானது. பிள்ளை பிடிப்பவனைக் காட்டிப் பயமுறுத்தும் நாம், வாசற்படியைக் காவல் காத்துக்கொண்டு கூடத்தை மறந்துவிடுகிறோம்.

இரண்டு, மூன்று வயதில் அறிவுரை ஏறாது. திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டம் ஏறும். குழந்தையின் உள்ளங்கையில் சோறு பிசைந்து, விரல்களை நண்டாக்கிக் கைவழியே ஊரவிட்டு, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. நானும் ஆடுவேன். குழந்தை சிரித்துக்கொண்டே “போதும் தாத்தா” என்பாள். சிரிக்கிறாளே என்று நான் நிறுத்த மாட்டேன். கிச்சுகிச்சு மூட்டினால் விருப்பம் இல்லாதபோதும் சிரிப்பு வரும் என்பது என் வயதுக்குத் தெரியாததன்று. இப்போது விதி மாறிவிட்டது: ‘போதும்’ என்ற சொல் விழுந்த கணத்தில் நண்டு நின்றுவிட வேண்டும். மறுபடியும் ஊர வேண்டுமானால் அவள்தான் கேட்க வேண்டும். முதல் வாரம் முழுவதும், நண்டு நிற்கிறதா என்று சோதிப்பதற்காகவே அவள் ‘போதும்’ சொல்லிக்கொண்டிருந்தாள். தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதைக் குழந்தை இப்படித்தான் சோதித்து அறிகிறது.

அடுத்தது குளியலறை. கண், மூக்கு, தோள் என்று பெயர் சொல்லிச் சோப்பு தேய்க்கும் நாம், சில உறுப்புகளை மட்டும் ‘ஷேம் ஷேம்’ என்று தாண்டிவிடுகிறோம். பெயரற்ற, வெட்கத்துக்குரிய இடத்தில் நடந்ததைக் குழந்தை எந்தச் சொல்லால் சொல்லும்? எங்கள் வீட்டில் பொம்மையைக் குளிப்பாட்டும்போது எல்லா உறுப்புகளுக்கும் பெயர் உண்டு. ஜட்டி மூடும் இடம் பொம்மைக்கே சொந்தம். கழுவிவிட அம்மாவோ பாட்டியோ தொடலாம். அம்மா அருகிலிருக்கும்போது மருத்துவர் பார்க்கலாம். பள்ளிகளில் சொல்லப்படும் ‘குட் டச், பேட் டச்’ பாடத்தைவிட இது மழலைக்கு எளிது என்பது என் எண்ணம். தவறான தொடுதல் எப்போதும் வலிப்பதில்லை, கொஞ்சலாகவும் வரக்கூடும். நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கும் சுமையை அந்த வயதின்மேல் ஏற்ற வேண்டியதில்லை.

மிட்டாய்க்கும் மாற்று கண்டோம். ஒளித்து வைக்கும் பரிசு என்றொரு விளையாட்டு. பாட்டியின் பிறந்தநாளுக்கு வாங்கிய வளையலை அலமாரியில் மறைத்து வைத்து, எத்தனை நாள் கழித்துச் சொல்லப்போகிறோம் என்று விரல்விட்டு எண்ணுவோம். முடிவுநாள் உள்ளது ஆச்சரியம். ‘எப்போதும் சொல்லாதே’ என்பது ரகசியம். ரகசியத்தை உடனே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். தவணை குறிப்பிடாத கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள் என்று மாணவர்களை எச்சரித்திருக்கிறேன், அதே எச்சரிக்கைதான். கடலைமிட்டாய் இப்போது ஞாயிறுதோறும் அம்மாவின் முன்னிலையிலேயே வருகிறது.

கூட்டத்தில் தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்பது, அம்மாவின் உண்மைப் பெயரையும் கைப்பேசி எண்ணையும் மெட்டில் பாடுவது ஆகியவற்றைக் கூடத்திலேயே கண்ணாமூச்சியாக ஆடிவிடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ஒரு பெரியவரைத் தடுத்து நிறுத்திவிடாது. அந்தப் பொறுப்பை அதன் தலையில் கட்டுவது அநீதி. விளையாட்டால் விளைவது, குழந்தை சொல்லும் என்பது மட்டுமே. கேட்பது நம் வேலை. 2012-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் காவல் அதிகாரியே, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காதவருக்குத் தண்டனை உண்டு. 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். இவையெல்லாம் குழந்தை வாய்திறந்த பிறகே இயங்கும். “சும்மா உளறாதே, மாமா அப்படியெல்லாம் செய்ய மாட்டார்” என்று ஒரு வீடு சொல்லிவிட்டால், சட்டம் அங்கே நுழைய வழியில்லை.

சென்ற மாதம் உறவினர் ஒருவர் வந்திருந்தார். என்னைவிட மூத்தவர், நல்லவர். “தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்று கை நீட்டினார். குழந்தை என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். முன்பாக இருந்தால், ‘கொடும்மா, பெரியவங்க கேட்கிறாங்க’ என்று முன்னே தள்ளியிருப்பேன். “அவளுக்கு இப்போ வேண்டாமாம், வணக்கம் சொல்வாள்” என்றேன். அவள் ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டிக் கைகூப்பினாள். உறவினரின் முகம் சற்றுச் சுருங்கியது. அவருக்குக் காபி கொண்டுவர நான் சமையலறைக்குப் போனேன்.