பரணில் கிடந்த மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

போன மாதம் அக்கா வீட்டுப் பரணை ஒழித்தபோது, பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மடிக்கணினி வெளியே வந்தது. அக்கா மகன் பிளஸ் டூ படித்த காலத்தில் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. சார்ஜரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையில் படம் முழுசாக வந்து நிற்க நான்கு நிமிடம் பிடித்தது.

"மாமா, இதைக் காயலான் கடைக்குப் போட்டுடலாமா, இல்ல லினக்ஸ் எதாச்சும் போட்டா ஓடுமா? எந்த லினக்ஸ் நல்லது?"

கடைசிக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு அடிக்கடி காதில் விழுகிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸராவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்த வாசலைத் தாண்ட முடியாமல் வெளியே நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் இணையத்தில் தேடினால் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று நூற்றுக்கணக்கில் பெயர்கள் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் சண்டைக்கு நிற்கும் ரசிகர் கூட்டம் வேறு.

பெயரிலிருந்து தொடங்குவதுதான் கோளாறு என்பேன். கணினிக்குள் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன வேலை பார்க்கப் போகிறோம் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், அத்தனை பெயர்களில் மூன்று நான்குதான் மிஞ்சும்.

இத்தனை பெயர்கள் ஏன் வந்தன என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு ஓர் இயங்குதளம் வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் மையப்பகுதியான கெர்னல் மட்டும் தயாராகவில்லை. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அந்த இடத்தை நிரப்பியது. இந்தக் கெர்னலையும் கருவிகளையும் எடுத்து, மேலே ஒரு திரைத்தோற்றத்தைப் போர்த்தி, மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் ஒரு ஏற்பாட்டைச் சேர்த்து ஒரு குழு வெளியிட்டால் அது ஒரு வழங்கல். உள்ளே ஓடுவது ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு கனமான திரைத்தோற்றம், எவ்வளவு புதிய கெர்னல், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு என்பவற்றில்தான் வித்தியாசம்.

இனி மடிக்கணினிக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது புராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. 64 பிட் புராசஸர் இருந்தும் 32 பிட் விண்டோஸ் போட்டு விற்ற கணினிகள் ஏராளம். அதனால் விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் இயங்குதளம் எத்தனை பிட் என்பதை விட்டுவிட்டு, புராசஸர் 'எக்ஸ்64' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையில்லை. நிஜமாகவே 32 பிட்தான் என்றால் வழி குறுகல். உபுண்டு 2017-லேயே 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்திவிட்டது. பழைய இயந்திரங்களின் கடைசிப் புகலிடமாக இருந்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியைக் கைவிட்டது. ஆன்டிஎக்ஸ் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் இன்னும் கைகொடுக்கின்றன. (அதை உருவாக்கியவர்கள் பெயரை 'ஆன்டிக்ஸ்' என்று உச்சரிக்கிறார்கள். பழம்பொருள் பிரியர்களுக்கு வைத்த பெயர் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.)

அடுத்து ரேம். நாலு ஜிபி இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும், எட்டு இருந்தால் எதையும் போடலாம். இரண்டு ஜிபி என்றால் இலகுவான தளம் வேண்டும். அப்போதும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இலகுவான லினக்ஸ் தனக்கென்று கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் உலாவியைத் திறந்து யூடியூபும் மின்னஞ்சலுமாகப் பத்து டேப் போட்டால் மிச்சப்படுத்தியதெல்லாம் அங்கே கரைந்துவிடும். இணையப் பக்கங்களின் எடையை எந்த இயங்குதளமும் குறைத்துத் தராது.

பழைய கணினி ஊர்ந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டும் அல்ல, ஹார்ட் டிஸ்க்தான். உள்ளே ஒரு தட்டு சுழல, அதன் மேல் ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தரவைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை இப்படித் தேடித் தேடிப் படிக்கிறது. நான்கு நிமிடம் அங்கேதான் போகிறது. அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றை அதே இடத்தில் மாட்டினால் வரும் வேகத்தை எந்த லினக்ஸும் தராது. செலவு செய்ய மனமிருந்தால் முதல் பணம் எஸ்எஸ்டிக்கு, அடுத்தது ரேமுக்கு. இயங்குதளம் எப்படியும் இலவசம்.

வைஃபை சில்லுக்குத் தனிக் கதை உண்டு. பல சில்லுகள், கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலை உள்ளே ஏற்றினால்தான் உயிர்பெறும். அந்த நிரலின் மூலத்தைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுவதில்லை. கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கையில் விடாப்பிடியான டெபியன், நெடுங்காலம் அதைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. விளைவு வேடிக்கையானது: வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இந்த விதியைத் தளர்த்தினார்கள். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. இன்றும் சில பிராட்காம், ரியல்டெக் சில்லுகள் முரண்டு பிடிப்பதுண்டு. அப்போது ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்குங்கள். அநேகமாக எல்லா லினக்ஸும் எந்த டிரைவரும் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். வேண்டியதை இறக்கிக்கொண்டு கேபிளைப் பிடுங்கிவிடலாம்.

கிராஃபிக்ஸ் இன்டெல்லோ ஏஎம்டியோ என்றால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியா என்றால் கொஞ்சம் வேலை உண்டு. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், அந்த நிறுவனத்தை நோக்கி கேமரா முன்னாலேயே நடுவிரலைக் காட்டினார். 2022-இல் அவர்கள் தங்கள் கெர்னல் டிரைவரின் மூலத்தைத் திறந்தார்கள், ஆனால் புதிய கார்டுகளுக்கு மட்டும். மின்ட், உபுண்டு போன்றவை பொருத்தமான டிரைவரைத் தாங்களே பரிந்துரைப்பதால் முன்னைப்போல மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கணினி பழையதாக இருந்தால்தான் லினக்ஸ் தகராறு செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. பத்து வருடப் பழைய இயந்திரத்தின் ஒவ்வொரு உறுப்பையும் கெர்னல் எழுதுபவர்கள் என்றோ பழக்கிவிட்டார்கள். போன மாதம் கடைக்கு வந்த மடிக்கணினியின் வைஃபைக்கும் டச்பேடுக்கும் டிரைவர் இப்போதுதான் புதிய கெர்னலில் சேர்ந்திருக்கும். டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் புதிய பதிப்பை வெளியிடும். அதன் கெர்னலுக்கு உங்கள் புது மடிக்கணினி யாரென்றே தெரியாமல் போகலாம். அரையாண்டுக்கு ஒருமுறை வரும் ஃபெடோரா அங்கே பொருந்தும். அதற்கு விலை, ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாத ஆதரவுதான். அதற்குள் அடுத்ததற்கு மாறியாக வேண்டும்.

இனி வேலை. இங்கேதான் நான் பலரை மாற வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு லினக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற இடைமென்பொருள் வழியாக ஓட்டிவிட முடிந்தாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளில் அது மக்கர் பண்ணினால் யாரைக் கேட்பது? வேலரன்ட் ஆடும் பையனுக்கும் அதே பதில். ஸ்டீம் வழியாக ஏராளமான விளையாட்டுகள் இன்று லினக்ஸில் ஓடினாலும், வேலரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை உள்ளே விடாது.

பிரிண்டரையும் மறக்கக் கூடாது. கடந்த சில ஆண்டுகளில் வந்த வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் அச்சடிக்கின்றன. தொல்லை, ஜெராக்ஸ் கடைகளில் பல வருடமாக உழைக்கும் சிறிய லேசர் பிரிண்டர்களில். விலையைக் குறைப்பதற்காகப் பக்கத்தை வரையும் வேலையைக் கணினியின் தலையில் கட்டி, அதற்குத் தங்களுக்கே உரிய ஒரு மூடிய மொழியைச் சிலர் வைத்தார்கள். அப்படிப்பட்ட பிரிண்டர் உங்களிடம் இருந்தால், மாடல் எண்ணை ஓபன்பிரிண்டிங் தரவுத்தளத்தில் தேடிவிட்டு முடிவெடுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு நல்ல செய்தி அதிகம். ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல், பழைய தட்டச்சு எல்லாம் வந்துவிடும். இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு. காசு கொடுத்து வாங்க எதுவுமில்லை. சிக்கல் பழைய டிடிபி கோப்புகளில். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை யூனிகோடு அல்ல. எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் பழைய கோப்பைப் படிக்கலாம். தொடர்ந்து வேலை செய்ய யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும். பேஜ்மேக்கருக்குப் பதிலாக ஸ்கிரைபஸ் இருக்கிறது. 1.6-க்கு முந்தைய நிலையான பதிப்புகளில் அது கொம்பையும் காலையும் பிய்த்துப் போடும் என்பதால், 2024-இல் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையதை மட்டும் நம்புங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு பெயர்களுக்கு வரலாம். விண்டோஸில் பழகியவர், நாலு ஜிபிக்கு மேல் ரேம், ஆறேழு வருடப் பழைய கணினி என்றால் கண்ணை மூடிக்கொண்டு லினக்ஸ் மின்ட் என்பேன். கீழே இடது மூலையில் மெனு, பழகிய இடத்தில் பழகிய பொருள். அதிலேயே சினமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று தோற்றங்கள். ரேம் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ. ஒருமுறை அமைத்துவிட்டு வருடக்கணக்கில் கை வைக்க விரும்பாதவருக்கு டெபியன். இரண்டு ஜிபி இயந்திரத்துக்கு ஆன்டிஎக்ஸ். புத்தம் புதியதற்கு ஃபெடோரா. கணினியை அக்கக்காகக் கழற்றிப் புரிந்துகொள்ள ஆசைப்படும் பொறியியல் மாணவர் ஆர்ச்சில் ஒரு விடுமுறையைச் செலவழிக்கலாம். அது மற்றவர்களுக்கு வேண்டாம்.

முடிவெடுப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் கொண்டு ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். கணினி தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற ஏதோ ஒரு விசை பூட் மெனுவைத் திறக்கும். பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் எழும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் கேட்கின்றனவா என்று பாருங்கள். முக்கியமாக, மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கப் போனது எழுந்திருக்காமல் படுத்துக்கொள்வது மடிக்கணினிகளில் அடிக்கடி வரும் நோய்.

புதிய கணினியில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதானால் ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் செக்யூர் பூட் அமைப்பைத் தொட வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் அந்த 48 இலக்கங்களைக் கேட்கும்போது விழிக்க நேரிடும். படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பதை நான் சொல்லவே வேண்டாம்.

பரண் மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் ஒரு லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ். "இது என்னன்னு யாரும் சொல்லல, நானும் தொறந்ததில்ல" என்றான் அக்கா மகன். புராசஸர் 64 பிட், ரேம் இரண்டு ஜிபி, காலியாக இன்னொரு செருகிடம். நாலு ஜிபி ரேம் ஒன்றும் சின்ன எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கி மாட்டினோம். மின்ட் எக்ஸ்எஃப்சிஇயைப் பென் டிரைவில் ஓட்டிப் பார்த்ததில் வைஃபை உடனே பிடித்தது, மூடியைத் திறந்ததும் எழுந்தது. பேட்டரி மட்டும் செத்துவிட்டதால் எப்போதும் சார்ஜரிலேயே இருக்க வேண்டும். பையனிடம் புது மடிக்கணினி இருக்கிறது, இது அக்காவுக்கு.

அவள் எல்லாவற்றையும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "சீட்டாட்டம் எங்கடா?" என்றாள். அது மின்டில் கூடவே வராது. நிறுவ இரண்டு நிமிடம் ஆனது.