இணைய வழி மனுவும் ஊராட்சியும்: பெருந்தொற்றுக் காலம் கற்பித்த பாடம்

மனு எழுதுவது நம் மக்களுக்குப் புதிதன்று. 1852ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய சென்னை சுதேசிகள் சங்கம், வரி வசூலின்பொழுது குடியானவர்கள் பட்ட துன்பங்களை எடுத்துரைத்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பியது. அதன் தொடர்பாக எழுந்த விவாதத்தின் பயனாக ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. வரி வசூலுக்காக மக்கள் சித்திரவதை செய்யப்பட்டது உண்மையே என அக்குழு 1855இல் அறிக்கை தந்தது. கப்பலில் கடல் கடந்து சென்ற அவ்விண்ணப்பம் பயன் தர மூன்றாண்டுகள் ஆயின. இன்றோ குண்டடத்திலிருந்து ஒருவர் விடுக்கும் விண்ணப்பம் ஒரு நொடியில் தலைநகரை அடைகின்றது. ஆயினும், விரைந்து சென்றடையும் விண்ணப்பம் விரைந்து பயன் தரும் என்று கூறிவிட முடியுமா? எவருடைய விண்ணப்பம் கேட்கப்படுகின்றது, எவருடையது கேளாமற் போகின்றது? 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலம் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தந்தது.

கதவுகள் அடைபட்ட காலம்

திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டத்தைச் சார்ந்த குண்டடம் ஒன்றியம் பெரும்பாலும் மேட்டு நிலப் பகுதி. மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முருங்கை ஆகியவற்றோடு ஆடு மாடு வளர்ப்பும் இங்குள்ள குடும்பங்களைத் தாங்குகின்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூர், பல்லடம் பகுதிகளின் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் கைகொடுக்கின்றன. ஒரே வீட்டில் ஒருவர் காட்டு வேலைக்கும் மற்றொருவர் கம்பெனி வேலைக்கும் செல்வது இவ்வட்டாரத்தின் வழக்கம்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரியில் புதிய ஊராட்சி உறுப்பினர்கள் பொறுப்பேற்றனர். மூன்று திங்கள் கழியுமுன்னரே, மார்ச் 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் நின்றன; சந்தைகள் மூடப்பட்டன; பேருந்துகள் ஓடவில்லை. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறை தீர்க்கும் கூட்டமும் நடைபெறவில்லை. அவ்வாண்டு மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடியிருக்க வேண்டிய கிராம சபைகளும் கூடவில்லை.

குறை மிகுந்திருந்த வேளையில் குறை கூறும் இடங்கள் யாவும் அடைபட்டிருந்தன என்பதே அக்காலத்தின் பெருந்துன்பம். அப்பொழுது திறந்திருந்த வழிகள் இரண்டே: ஒன்று தொலைபேசி, மற்றொன்று இணையம்.

இணைய வழி மனு என்பது யாது?

இதனை மூவகையாகப் பிரித்து அறிந்துகொள்வது நலம்.

முதல் வகை, அரசின் வலைத்தளம் வாயிலாக அளிக்கும் மனு. மைய அரசின் பொதுமக்கள் குறை தீர்ப்புத் தளம் 2007 முதல் இயங்கி வருவது. பெருந்தொற்று பற்றிய குறைகளைத் தனியே கண்காணிக்க 2020 ஏப்ரல் 1இல் அதில் ஏற்பாடு செய்யப்பட்டது. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் தனிப்பிரிவு இணைய வழியாகவும் மனுக்களைப் பெற்றது. 2021இல் ‘முதல்வரின் முகவரி’ என்னும் துறை உருவாக்கப்பட்டது. இத்தகைய மனுவுக்கு எண் வழங்கப்படும். அது எந்த அலுவலரிடம் உள்ளது, என்ன பதில் தரப்பட்டது என்பதை அவ்வெண்ணைக் கொண்டு அறியலாம்.

இரண்டாம் வகை, தனியார் தளங்களில் பலரும் கையெழுத்திடும் கூட்டு விண்ணப்பம். இதில் ஆயிரக்கணக்கானோர் பெயர் சேர்வதுண்டு. ஆனால் அவ்வெண்ணிக்கைக்கு நம் நாட்டில் சட்ட வலிமை இல்லை. பிரிட்டனில் பாராளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 பேர் கையெழுத்திட்டால் அரசு பதிலளிக்கும். 1,00,000 பேர் கையெழுத்திட்டால் அம்மனு விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்படுவது பற்றிப் பரிசீலிக்கப்படும். அத்தகைய விதி இங்கில்லை. பொதுமக்கள் கருத்து எத்திசையில் உள்ளது என்பதைக் காட்டுவதே இங்கு அதன் பயன்.

மூன்றாம் வகை, அப்போது ட்விட்டர் எனப்பட்ட தளம், முகநூல், வாட்ஸ்அப் போன்றவற்றில் பகிரங்கமாக விடுக்கும் வேண்டுகோள். இது மனுவின் வடிவில் அமையாவிடினும், நெருக்கடிக் காலத்தில் எல்லாவற்றினும் விரைந்து பரவியது இதுவேயாகும்.

கேட்கப்பட்ட குரல்கள்

2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வீசியபோது பிராணவாயுவுக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் மக்கள் அலைந்தனர். நோயாளியின் வயது, இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, ஊர், தொடர்பு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு இலட்சக்கணக்கானோர் இணையத்தில் உதவி கோரினர். எவ்விடத்தில் படுக்கை காலியாக உள்ளது என்பதை முன்பின் அறியாத இளைஞர்கள் தேடிச் சொன்னார்கள். தமிழ்நாடு அரசும் சென்னையில் ஒருங்கிணைந்த கட்டளை மையத்தை அமைத்து, 104 என்னும் தொலைபேசி எண்ணோடு ட்விட்டர் வாயிலாகவும் வேண்டுகோள்களைப் பெற்றது.

இவ்வாறு உதவி கோருவோர் மீதே வதந்தி பரப்பினார் என நடவடிக்கை எடுக்கப்படுமோ என்னும் அச்சம் நாட்டின் சில பகுதிகளில் எழுந்தது. அதனை உச்சநீதிமன்றம் நீக்கியது. 2021 ஏப்ரல் 30இல், நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் அடங்கிய அமர்வு, சமூக ஊடகத்தில் உதவி கோருவோரைத் துன்புறுத்தினால் அது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும் என எச்சரித்தது. குறை கூறுதல் குற்றமன்று என்பது இவ்வாணையால் உறுதியாயிற்று.

மற்றொரு நிகழ்ச்சி நம் மொழியைப் பற்றியது. தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் ‘கோவின்’ தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. 2021 ஜூன் தொடக்கத்தில் இந்தி முதலிய பல மொழிகள் அதில் சேர்க்கப்பட்டபோது தமிழ் இடம்பெறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து உடனே கண்டனமும் வேண்டுகோளும் எழுந்தன. சில நாட்களுக்குள் தமிழும் சேர்க்கப்பட்டது. கோரிக்கை தெளிவாகவும், அதனை நிறைவேற்றும் பொறுப்பு இன்னாருடையது என்பது ஐயமற்றும் இருந்தால் தீர்வு விரைவில் கிட்டும் என்பதற்கு இது தக்க சான்று.

கேளாமற் போன குரல்கள்

இதுவரை கண்டது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் காண்போம்.

18 முதல் 44 வயது வரை உள்ளோர்க்கான பதிவு 2021 ஏப்ரல் 28இல் தொடங்கியது. அன்று ஒரே நாளில் நாடெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். ஆனால் இணைய வழியாக முன்பதிவு செய்தோர்க்கே அப்போது ஊசி கிட்டியது. பதிவு செய்தோரும் இடம் பெற மேலும் முயல வேண்டியிருந்தது. நகரத்தில் விரைவான இணைப்பு உள்ளோர், இடம் திறந்த சில நிமிடங்களிலேயே அவற்றை நிரப்பிவிட்டனர். ஆடு மேய்க்கச் சென்ற பெண்ணும், வெங்காயம் பறிக்கச் சென்ற கூலியாளும் அந்நிமிடங்களில் எங்கிருந்தனர்?

2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகரங்களில் 100 குடும்பங்களுக்குச் சுமார் 42 குடும்பங்கள் இணைய வசதி பெற்றிருந்தன. கிராமங்களில் சுமார் 15 குடும்பங்களே பெற்றிருந்தன. கணினி உள்ள கிராமக் குடும்பங்கள் 100க்கு 4 மட்டுமே. இவ்வேற்றுமையை உச்சநீதிமன்றம் 2021 மே 31ஆம் நாளைய ஆணையில் விரிவாக எடுத்துக்காட்டி, இணையத்தை மட்டுமே நம்பிய முறை எளியோரை விலக்கிவிடாதா என அரசைக் கேட்டது. முன்னரே மே 24இல், அரசு மையங்களில் நேரில் வந்து பதியும் வசதி இவ்வயதினர்க்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. ஜூன் 21 முதல் 18 வயது நிறைந்த எவரும் அரசு மையங்களில் முன்பதிவின்றி இலவசமாக ஊசி பெறும் முறை நாடெங்கும் வந்தது. நம் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 12இல் நடந்த பெருமுகாமில், ஊர்தோறும் ஊசி கொண்டுசெல்லப்பட்டமையால், ஒரே நாளில் 28 இலட்சத்திற்கு மேற்பட்டோர் பயனடைந்தனர்.

இதன் பாடம் யாதெனில், இணையத்தில் மிகுதியாக எழும் குரலே நாட்டின் முழுக் குரல் ஆகிவிடாது. கைப்பேசி உடையோரின் குறை பதிவாகும். இல்லாதோரின் குறை பதிவாகாது. பதிவாகாத குறையை அலுவலர் எங்ஙனம் அறிவார்? இவ்விடைவெளியை நிரப்பத் தக்கவர் ஊரில் அனைவரையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் ஊராட்சி உறுப்பினரேயன்றி வேறெவர்?

எண்ணிக்கையா, சான்றா?

2020 மார்ச்சில் மைய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய புதிய வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. ஊரடங்கினால் மக்கள் கூடிப் பேச இயலாத காலம் அது. வரைவும் ஆங்கிலம், இந்தி மொழிகளில் மட்டுமே இருந்தது. மக்கள் கருத்துரைக்கும் காலத்தை 2020 ஆகஸ்ட் 11 வரை தில்லி உயர்நீதிமன்றம் நீட்டித்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் அதனை மொழிபெயர்க்கவும் பணித்தது. பல இலட்சம் மின்னஞ்சல்கள் சென்றன. அவற்றுட் பல ஒரே வாசகத்தைப் படியெடுத்தவை. அவை எதிர்ப்பின் அளவைக் காட்டின. எந்த ஊரில் எந்தப் பிரிவு என்ன தீங்கு விளைவிக்கும் என்பதைத் தத்தம் அனுபவத்தால் எடுத்துரைத்த கருத்துரைகளோ வரைவின் குறைகளைக் காட்டின. இரண்டும் வேண்டுவனவே, எனினும் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

சான்றின் வலிமைக்கு நம் வட்டாரத்திலேயே முன்னுதாரணம் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நீரால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டபோது, கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகக் கூடிச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். நீரின் தன்மை, பாழான நிலம் ஆகியவை பற்றிய ஆய்வு அறிக்கைகள் நீதிமன்றத்தின் முன் வந்தன. கழிவு நீரை அறவே வெளியேற்றாத முறையைப் பட்டறைகள் மேற்கொள்ள வேண்டும் என 2006இல் தீர்ப்பாயிற்று. அது முறையே நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடுமாறு ஆணை பிறந்தது. சங்கத்தின் ஒற்றுமையும், ஆண்டுகள் பல சென்றும் தளராத உறுதியும், மறுக்க முடியாத சான்றும் சேர்ந்தே அங்கு வெற்றி கண்டன.

பொய்ச் செய்தியின் தீமை

இணையம் உண்மையை மட்டும் சுமந்து செல்வதில்லை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திருப்பூர் முதலிய இடங்களில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவின. தொழிலாளர் அஞ்சினர், பலர் ஊர் திரும்பினர். பீகார் மாநில அரசு அலுவலர் குழுவை அனுப்பியது. அக்காட்சிகள் வேறிடத்தில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவை எனக் காவல் துறையினர் விளக்கிய பின்னரே அமைதி திரும்பியது. நோய்க் காலத்தில் இத்தகைய பொய், உயிருக்கே உலை வைக்கும். ஆகவே நேரில் அறியாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலும் ஒரு பொதுத் தொண்டே.

மனு அமைய வேண்டிய முறை

குண்டடம் ஒன்றியத்தில் ஓர் ஊருக்குத் தொற்றுக்காலத்தில் மருத்துவ முகாம் வேண்டும் என்று கொள்வோம். ‘எங்கள் ஊரை அரசு கவனிக்கவில்லை’ என்று எழுதினால், படிப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்பது விளங்காது. பின்வருவன இருத்தல் வேண்டும்:

1. ஊர், ஊராட்சி, ஒன்றியம், வட்டம் ஆகியவற்றின் பெயர்.
2. குறை எந்நாள் முதல் உள்ளது, எத்தனை குடும்பங்களைப் பாதிக்கின்றது என்னும் விவரம்.
3. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைவும், அதற்குச் செல்லும் வசதியும்.
4. கோரிக்கை ஒன்றே, எந்த இடத்தில், எந்நாளுக்குள், என்ன வேண்டும் என்பது.
5. அதனைச் செய்யும் அதிகாரம் உடைய அலுவலரின் பதவி.
6. சான்றாக நாளிட்ட புகைப்படம் அல்லது முன்னர் அளித்த மனுவின் எண்.

மனுவைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டுவதில்லை. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறை தீர்க்க விண்ணப்பிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு ஒவ்வொருவர்க்கும் அளித்துள்ளது. நோயாளியின் பெயர், நோய், ஆதார் எண் ஆகியவற்றைப் பகிரங்கமாக வெளியிடுதல் கூடாது. அவை அலுவலர்க்கு மட்டுமே தெரிய வேண்டியவை. குறை தீர்ந்ததும் பகிரங்கமாக விடுத்த வேண்டுகோளை நீக்கிவிடுதலும் கடமை. 2021இல் படுக்கை கிடைத்த பின்னும் சுற்றிக்கொண்டிருந்த பழைய செய்திகள், உண்மையில் தவித்தோர்க்கு இடையூறாயின.

ஊராட்சி செய்யத் தக்கவை

ஊராட்சி அலுவலகத்தில் மனுப் பதிவேடு ஒன்று வைத்து, எழுதவும் கைப்பேசியைக் கையாளவும் இயலாதோர் வாய்மொழியாகக் கூறும் குறைகளை அதில் பதியலாம். அரசு இ-சேவை மையத்தின் வாயிலாகவோ, படித்த இளைஞர், சுய உதவிக் குழு மகளிர் ஆகியோரின் துணையாலோ அவற்றை இணையத்தில் சேர்க்கலாம். மனு எண்ணைக் குறையுடையாரிடம் எழுதிக் கொடுப்பது இன்றியமையாதது. தனித்து வாழும் முதியோர், வெளியூரிலிருந்து வந்து தங்கியுள்ள கம்பெனித் தொழிலாளர், கைப்பேசி இல்லாத குடும்பங்கள் ஆகியோரின் பட்டியலை நோய் வருமுன்னரே ஆயத்தமாக வைத்திருப்பது சாலச் சிறந்தது. அடுத்த கிராம சபையில், பெற்ற மனுக்கள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை, தீராதவை எவை எனப் படித்துக் காட்ட வேண்டும். தீராதவற்றைச் சபையின் தீர்மானமாக்கி அனுப்பினால் தனி மனுவுக்கில்லாத மதிப்பு அதற்கு உண்டாகும்.

2021 அக்டோபர் 2இல் கிராம சபைகள் பல மாவட்டங்களில் மீண்டும் கூடின. ஆலமரத்தடியில் எழுந்து நின்று பேசும் குரலுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. எனினும், அக்குரல் ஒலிக்க இயலாத நாட்களும் வரக்கூடும் என்பதைப் பெருந்தொற்று உணர்த்திச் சென்றது. அத்தகைய நாட்களில் ஊரிலுள்ள கடைசி வீட்டின் குறையும் சென்னைக்கும் தில்லிக்கும் எட்டுமாறு செய்வதற்கு வேண்டிய ஏற்பாட்டை, நோயில்லாத இந்நாட்களிலேயே ஊராட்சி உறுப்பினர்கள் செய்து வைப்பார்களாக.