மூச்சைப் பேணுவோம்

மார்கழி, தை மாதங்களில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கடுங்குளிர் நிலவும். அப்போது லயங்களில் வாழும் முதியோர் சிலர் ஓயாது இருமுவதையும், சிறிது நடந்ததும் மூச்சு வாங்குவதையும் காணலாம். பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற ஊர்களிலும் இத்தகையோர் உளர். முதுமையின் இயல்பு என்று இதனைப் புறந்தள்ளலாகாது. இது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம்.

பீடி, சிகரெட் புகையும், அடுக்களையில் சூழும் விறகுப் புகையும், பணியிடத் தூசியும் இந்நோய்க்கு முதன்மைக் காரணங்கள். இவற்றைப் பல்லாண்டுகள் சுவாசிப்பதால் மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன. நுண்ணிய காற்றறைகள் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று முழுமையாக வெளியேற இயலாமல் தேங்குகிறது. இந்நோய் பிறருக்குத் தொற்றாது. முற்றிலும் நீக்க இயலாதெனினும் கட்டுக்குள் வைக்க இயலும்.

புகையை விலக்குதலே முதல் மருந்து. மருத்துவர் தினமும் பயன்படுத்துமாறு தந்த இன்ஹேலரை, நலமாக உள்ள நாளிலும் நிறுத்தலாகாது. மூச்சு வாங்கும்போது அமர்ந்து, சற்றே முன்சாய்ந்து, மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். பின்னர் விளக்கை ஊதுவதுபோல் இதழ்களைக் குவித்து, இழுத்த நேரத்தினும் இருமடங்கு நேரம் மெல்ல வெளிவிட வேண்டும். தேங்கிய காற்று வெளியேற இது துணைபுரியும்.

சளிக்காய்ச்சலோ புகையோ தாக்கினால் நோய் திடீரென மூளும். மூச்சுத்திணறல் வழக்கத்தினும் மிகுதல், சளி பெருகுதல், அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல் ஆகியன அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரை நாட வேண்டும். உதடு நீலமாதல், ஒரு தொடரைக்கூட முழுமையாகப் பேச இயலாமை, நினைவு தடுமாறுதல் ஆகியன பேராபத்தின் அறிகுறிகள். உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும்.

கேரள அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் வரும் குடும்ப ஆரோக்கிய மையங்களில் ‘சுவாஸ்’ என்னும் மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. இந்நோயைக் கண்டறிந்து மருத்துவம் செய்வது அவற்றின் பணி.

மாணவர்களே! அங்கு உங்கள் மொழியறிவும் உதவும். பாட்டி ‘சளி’ என்றால் நெஞ்சில் கட்டிய கோழை. மலையாளத்திலோ ‘சளி’ என்பது சேறு. ‘கபம்’ என்று செவிலியரிடம் எடுத்துரையுங்கள். இருமலைச் ‘சும’ என்றும், மூச்சுத்திணறலைச் ‘சுவாசம்முட்டல்’ என்றும் கூறுங்கள். எத்தனை நாளாக, எந்நிறத்தில் என்பதையும் மறவாது சொல்லுங்கள். இருமொழி அறிந்த பிள்ளையின் தெளிவான சொல், பாட்டிக்கு உரிய மருந்து உரிய நேரத்தில் கிடைக்க வழிசெய்யும்.

சிந்தித்து எழுதுக: நோய் மூண்டதை உணர்த்தும் மூன்று அறிகுறிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் கூறுக.