தேமல்தான் என்று இருந்துவிட்டோம்!

என் நாத்தனார் மகள் முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறின படை. "தேமல்தான் அண்ணி, பூவரசங்காயை உரசித் தடவினா போயிடும்" என்றாள் நாத்தனார். போகவில்லை. சாலவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார நர்ஸ், குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். மற்ற இடத்தில் தொட்டதையெல்லாம் சரியாகச் சொன்ன குழந்தை, படையில் தொட்டபோது பேசாமல் நின்றது. டாக்டரும் பார்த்துத் தொழுநோய்தான் என்றார்.

நாத்தனார் இடிந்துபோனாள். அவளுடைய பெரியம்மாவுக்கு இந்த நோய் இருந்தது. தனித் தட்டு, தனிச் சொம்பு, மாட்டுக் கொட்டகை ஓரம் கயிற்றுக் கட்டில். ஆனால் அதே வீட்டில் இருந்த வேறு யாருக்கும் வரவில்லையே, ஏன்?

இதற்கு விடை தேடியே வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் இந்திரா நாத் (1938–2021). டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் படித்தவர். 1970ல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, நோய் எதிர்ப்பு சக்தி பற்றிக் கற்றார். அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து, டாக்டர் தல்வாரின் உயிர் வேதியியல் துறையில் சேர்ந்தார். தொழுநோய்க் கிருமியோ, ஆய்வுக்கூடத் தட்டில் வளரவே வளராத கிருமி! எனவே நோயாளிகளின் ரத்தத்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, கிருமியின் சத்தோடு சேர்த்து, அவை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார்.

பெரும்பாலோருக்கு இந்த நோயை விரட்டும் சக்தி உடம்பிலேயே உண்டு. சிலருக்கு மட்டும் அந்தக் காவல்காரன் இந்த ஒரு திருடனைக் கண்டுகொள்வதே இல்லை; கிருமி பெருகிவிடுகிறது. வேறு சிலருக்கோ காவல்காரன் முரடனாகி, கிருமியோடு நரம்பையும் சேர்த்து அடித்துவிடுகிறான். ஏன் இப்படி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1999ல் பத்மஸ்ரீ, 2002ல் லோரியல்–யுனெஸ்கோ விருது எல்லாம் வந்தன.

தட்டிலும் சொம்பிலும் இந்த நோய் தொற்றுவதில்லை. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால், மூச்சுக் காற்று வழியாகத் தொற்றலாம். மாத்திரை தொடங்கினாலோ சீக்கிரமே அந்தப் பயமும் இல்லை. பாவம் பெரியம்மா, அவர் காலத்தில் இதை யார் சொன்னார்கள்!

குழந்தைக்கு ஆறு மாத மாத்திரை, இலவசமாகத்தான். நான்காவது அட்டை முடிந்துவிட்டது. நேற்று எட்டிப் பார்த்தேன். நாத்தனார் தன் தட்டிலிருந்தே அவளுக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.